வாகை மரம் நின்ற பாதி

எனக்குப் பொறாமை அதிகம். இதைச் சொல்ல இப்போது வெட்கமில்லை. சொல்லாமல் அடக்கி வைத்திருந்த காலத்தில்தான் அது என்னை என்னென்னவோ செய்ய வைத்தது. நகை, புடவை, பிள்ளைகளின் மார்க் என்று எல்லாருக்கும் வருகிற பொறாமை எனக்கும் வந்து போயிருக்கிறது. போகாமல் தங்கிவிட்டது ஒன்றுதான், என் ஓரகத்தியின் மரங்கள் மேல் எனக்கிருந்த பொறாமை.

ஓரகத்தி என்றால் என் வீட்டுக்காரரின் அண்ணன் மனைவி. அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அவள் பிறந்தது எலவனாசூர்கோட்டைப் பக்கம், நான் நைனார்பாளையம். இரண்டு பேரும் கல்வராயன் மலையடிவாரத்தில் ஒரே வீட்டுக்கு மருமகள்களாக வந்தோம். அவள் கணவர், அதாவது என் மச்சாண்டார், திருக்கோவிலூரில் ஒரு அரசாங்க ஆபீசில் குமாஸ்தா. என் வீட்டுக்காரர் ஏர் பிடித்தவர். ஒரே வயிற்றில் பிறந்து ஒரே தட்டில் சாப்பிட்டு வளர்ந்தவர்கள். ஒருவருக்கு ஒன்றாம் தேதி சம்பளம் வந்தது, இன்னொருவருக்கு மழை வந்தால் வந்தது. வித்தியாசம் அவ்வளவுதான். அந்த வித்தியாசம் மரத்தில் தெரியும் என்று எனக்கு அப்போது தெரியாது.

வயலைத் தவிர மாமனாருக்கு மலைச்சரிவு தொடங்குகிற இடத்தில் ஒரு மரக்கொல்லை இருந்தது. செம்மண், கல். பயிர் ஏறாது, மரம் ஏறும். வாகை, வேம்பு, புங்கன் எல்லாம் தானாக வந்தவை. தேக்கு அவர் வைத்தது. அந்த இடத்தை இரண்டு தடவையாக வாங்கினார். வாங்கும்போது ஒரு துண்டைப் பெரியவன் பேரிலும் இன்னொரு துண்டைச் சின்னவன் பேரிலும் எழுதி வைத்தார். எது யார் பேரில் என்று அப்புறம் யாரும் பார்க்கவில்லை. பத்திரங்கள் படிக்கத் தெரிந்த பெரியவரின் டிரங்குப் பெட்டிக்குள் போய்விட்டன.

பாகம் பிரித்தபோதும் பத்திரத்தை வெளியே எடுக்கவில்லை. எங்கள் பக்கத்தில் வழக்கம் ஒன்று உண்டு. அண்ணன் பிரிக்க வேண்டும், தம்பி முதலில் எடுக்க வேண்டும். பிரிக்கிறவன் ஏமாற்ற நினைத்தால் அவனுக்கேதான் நஷ்டம். "எழுத்து கெடக்குது எழுத்து. பெரியவன் பிரிக்கட்டும், சின்னவன் எடுக்கட்டும்" என்றார் மாமனார். மச்சாண்டார் வேப்பங்குச்சியை ஒடித்து நடுவில் நட்டுக்கொண்டே போனார். ரோட்டோரம் ஒரு பாதி, மலைப்பக்கம் ஒரு பாதி. மர எண்ணிக்கையும் ஏறக்குறைய சமம்.

என் வீட்டுக்காரர் மலைப்பக்கத்தைத்தான் பார்த்துக்கொண்டு நின்றார். பெரிய வாகை ஒன்று அங்கே நின்றது. நான்தான் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

"இன்னாங்க, அங்க போயி இன்னா பண்றது? லாரி ஏறாது. ரோட்டோரத்த எடுங்க. மரத்தடிக்கே வண்டி வந்து நிக்கும்."

அவர் ரோட்டோரத்தை எடுத்தார். அன்றைக்கு எனக்கு ஒரே பெருமை. ஏமாந்தது அவர்கள் என்று நினைத்துக்கொண்டேன். அவளோ வாகை மரத்தடியில் போய் நின்று அண்ணாந்து பார்த்து, "நல்லா காத்து வருது இல்ல" என்றாள். பாவம், ஒன்றும் தெரியாதவள் என்று எனக்கு அவள் மேல் பரிதாபம் கூட வந்தது. அவள் மேல் நான் பரிதாபப்பட்டது அந்த ஒரு நாள்தான்.

மரத்தடிக்கு வண்டி வரும் என்றால் வண்டி வரத்தான் செய்யும். முதல் வருஷமே கரும்பு கைவிட்டது. இரண்டு தேக்கு போனது. கிணற்றுக்கு மோட்டார் வைக்க நாலு வேம்பு. நாத்தனாரின் பிரசவம், மாமியாரின் காரியம், காளை ஒன்று செத்த வருஷம். எங்கள் வீட்டில் மரங்களுக்குப் பேரே அப்படித்தான். இது மோட்டார் மரம், அது பெரியவள் கல்யாண மரம், தோ அந்தக் கோணல் மரம் வக்கீலுக்கு. வெட்டுவதற்கு மூன்று வருஷம் முன்பே ஒரு மரத்துக்குப் பேர் வைத்துவிடுவோம். பேர் வைத்த பிறகு அதன் நிழலில் உட்காரக்கூடத் தோன்றாது. ஐந்தாறு வருஷத்தில் பழைய மரம் ஒன்றும் மிச்சமில்லை. சீக்கிரம் காசாகும் என்று தைலமரம் நட்டோம். அது கழி பருமன் ஆவதற்குள் வியாபாரி வந்து நின்றான்.

அவர்கள் பாதியில் ஒரு குச்சி வெட்டவில்லை. மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் வந்து இறங்குவார்கள். அவள் கையில் டிபன் பாக்ஸ், தோளில் டவல். எங்கள் தைலமரக் கழிகளுக்கு நடுவே வண்டிப்பாதையில் நடந்து போய், வாகை மரத்தடியில் டவலை விரித்து உட்காருவாள். மச்சாண்டார் மரங்களை ஒரு சுற்று சுற்றி வருவார். புளிசாதம் சாப்பிடுவார்கள். சாயங்காலம் கிளம்பிவிடுவார்கள். இதற்கு எதற்கு நிலம்? இதற்கு எதற்கு மரம்? நான் களை பறித்துக்கொண்டே அவள் டவலைப் பார்ப்பேன். வாயில் எச்சில் கசக்கும்.

"இந்தா புள்ள, நீயும் வந்து செத்த குந்தேன்" என்று கூப்பிடுவாள். வேலை இருக்கிறது என்பேன். இருக்கவும் செய்தது.

அந்த அடிவாரத்தில் ஒரு நடை நடந்தால் போதும், மரத்தைப் பார்த்தே எந்த வீட்டுக்கு மாதச் சம்பளம் வருகிறது என்று சொல்லிவிடலாம். எங்களுக்கு மேற்கே ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தின் கொல்லை இருந்தது. நான் வந்த புதிதில் அவர்களும் எங்களைப் போல வெட்டினார்கள். மூத்த மகள் டீச்சர் ஆனாள், அடுத்தவள் நர்ஸ். அதோடு அந்தக் கொல்லையில் ரம்பச் சத்தம் நின்றது. காய்ந்து விழுந்த கிளையை மட்டும் பொறுக்குவார்கள். மரத்தின் மேல் அவர்களுக்குத் திடீரென்று பாசம் வந்துவிட்டதாக ஊரில் பேசிக்கொண்டார்கள். எனக்குச் சிரிப்பாக இருந்தது. சம்பளம் வந்தால் எனக்கும் பாசம் வரும்.

இட ஒதுக்கீடு கேட்டு எங்கள் ஜனம் ரோட்டுக்கு வந்த வருஷங்கள் அவை. எங்கள் பிள்ளைகளுக்கும் படிப்பில் இடம் வேண்டும், வேலையில் இடம் வேண்டும் என்று கூட்டம் மேல் கூட்டம். என் வீட்டுக்காரர் ஒன்றையும் விடமாட்டார். மச்சாண்டார் வரமாட்டார். அரசாங்க வேலையில் இருந்துகொண்டு எப்படி வருவது? வேலை வேண்டும் என்று கேட்டவர் வெயிலில் நின்றார், வேலை கிடைத்துவிட்டவர் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருந்தார். இதை நான் என் வீட்டுக்காரரிடம் சொன்னபோது, "அவரு மனசு நம்மகிட்டதான் இருக்குது" என்றார். மனசு எதற்கு, எனக்கு மரம்தான் கண்ணில் நின்றது.

ஒரு வாரம் சாலை மறியல் என்றார்கள். ரோட்டோரப் புளியமரங்களை அறுத்துக் குறுக்கே போட்டார்கள். பஸ் இல்லை, லாரி இல்லை. என் வீட்டுக்காரர் கள்ளக்குறிச்சி ரோட்டுக்குப் போனவர் வீட்டுக்கே வரவில்லை. மூன்றாம் நாள் மத்தியானம் ஊர்ப் பையன்கள் நாலு பேர் எங்கள் கொல்லைக்கு வந்தார்கள்.

"அண்ணி, மலைக்கிப் போற திருப்பத்துல போட மரம் பத்தல. உங்களுதுல ஒண்ணு குடுங்க."

கொடுக்க மாட்டேன் என்று சொல்லும் நாள் இல்லை அது. சொல்லவும் எனக்கு மனசில்லை. கை காட்டினேன். ஒருவன் தைலமரத்தை ஒரு கையால் பிடித்து ஆட்டிப் பார்த்தான்.

"இது கழி அண்ணி. ஜீப்பு வந்தா தூக்கிக் கடாசிட்டுப் போய்க்கினே இருப்பான். பெரிய மரமா வேணும்."

என் வாய் தானாகத் திறந்தது.

"அப்ப பின்னாடி போங்க. மச்சாண்டார் பங்குல வாகை ஒண்ணு நிக்குது."

"அவரு கவர்மெண்டு ஆளாச்சே. கேக்காம எப்படி?"

"நம்ம ஜனத்துக்குத்தான? அவரால ரோட்டுக்கு வர முடியல. அவரு மரமாவது வரட்டும்."

பையன்கள் சிரித்தார்கள். ரம்பம் நான்தான் எடுத்துக் கொடுத்தேன். கூடவே போய் நின்றேன். அங்கே தேக்கு இருந்தது, வேம்பு இருந்தது. நான் வாகையைத்தான் காட்டினேன், அவள் டவல் விரிக்கிற மரத்தை. அது சாய்ந்தபோது என் உள்ளங்கால் அதிர்ந்தது. கிளைகள் முறிந்து அடங்கியதும் அந்த இடத்தில் பளீரென்று வெயில் விழுந்தது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பொய் சொல்லவில்லை, வயிறு நிறையச் சாப்பிட்ட மாதிரி இருந்தது. இனிமேல் வெயிலில் உட்காரட்டும் என்று நினைத்தேன். நாலு ஜோடி மாடு பூட்டி எங்கள் வண்டிப்பாதை வழியாகவே மரத்தை இழுத்துக்கொண்டு போனார்கள்.

மறுநாள் என் வீட்டுக்காரரைப் பிடித்து ஜெயிலில் போட்டார்கள். அவரோடு ஊரில் பாதி ஆம்பிளைகள். பத்து நாள் கழித்து அவள் வந்தாள். ஞாயிற்றுக்கிழமை இல்லை. டிபன் பாக்ஸ் இல்லை, டவல் இல்லை. தனியாக வந்திருந்தாள். வந்தவள் மரக்கொல்லைப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல் நேராக என் அடுப்படிக்கு வந்து உட்கார்ந்தாள்.

விஷயம் இதுதான். மறியலுக்கு மரம் கொடுத்தவர் என்று மச்சாண்டார் மேல் யாரோ மொட்டைப் பெட்டிஷன் போட்டிருந்தார்கள். அடிக்கட்டையும், மரத்தை இழுத்துப் போன தடமும் சாட்சியாகக் கிடந்தன. பதில் எழுதிக் கொடு என்று ஆபீசில் கேட்டிருந்தார்கள். பதில் சரியில்லை என்றால் வேலை போகும். அந்த ஆபீசிலும் என்னைப் போல ஒருத்தர் இருந்திருப்பார் போலிருக்கிறது.

"அவரு சோறு துண்றதில்ல. வேல பூட்டா நாங்க இன்னா பண்ணுவோம்? எங்களுக்கு ஏர் புடிக்கத் தெரியுமா?" என்று அழுதாள். நான் அவள் அழுது பார்த்ததில்லை. பயமாக இருந்தது. மரத்தை நான்தான் காட்டினேன் என்று தொண்டை வரைக்கும் வந்தது, விழுங்கிக்கொண்டேன்.

அவள் இடுப்பிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தாள். டிரங்குப் பெட்டியிலிருந்த பழைய பத்திரம்.

"இதப் பாரு. எழுத்துல மலப்பக்கம் உன் வூட்டுக்காரரு பேர்லதான் இருக்குது. எங்க பேர்ல இருக்கிறது ரோட்டோரம். மரம் நின்ன எடம் எங்களுது இல்லன்னு நீ ஒரு கையெழுத்துப் போட்டுக் குடுத்தா போதும். அவரு ஏற்கெனவே ஜெயில்லதான கீறாரு. இதனால ஒண்ணும் ஜாஸ்தி ஆயிடாது."

எனக்கு அவள் அழுகை மறந்துபோனது. மலைப்பக்கம் எங்களுடையது. இத்தனை வருஷம் நான் எச்சில் கசக்கப் பார்த்துக்கொண்டிருந்த தேக்கும் வேம்பும் எழுத்தில் எங்களுடையவை. எடுக்காதே எடுக்காதே என்று சட்டையைப் பிடித்து இழுத்தவள் நான்.

"போடறேன் அக்கா. ஆனா எழுதிக் குடுத்துட்டா அப்பறம் எழுத்துல இருக்கிற மாதிரிதான் நடக்கணும். சர்க்காருக்கு ஒரு பாகம், நமக்கு ஒரு பாகம்னு வச்சிக்க முடியாது. மலப்பக்கம் எங்களுது, ரோட்டோரம் உங்களுது."

சண்டைக்கு வருவாள் என்று எதிர்பார்த்தேன். என்னை மடக்குவாள், மாமனார் பேரைச் சொல்லுவாள் என்று அதற்கும் பதில் தயாராக வைத்திருந்தேன்.

"எடுத்துக்க" என்றாள். மூச்சு வாங்கக்கூட நேரம் எடுத்துக்கொள்ளவில்லை.

நான் கையெழுத்துப் போட்டேன். மச்சாண்டார் வேலை போகாமல் நின்றது. என் வீட்டுக்காரர் ஜெயிலிலிருந்து வந்து விஷயத்தைக் கேட்டு இரண்டு நாள் திண்ணையிலேயே படுத்தார். "அண்ணன் பிரிச்சாரு, நான் எடுத்தேன். நீ யாரு மாத்தறதுக்கு?" என்றார். மூன்றாம் நாள் மலைப்பக்கம் போய்ச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்தார். சாப்பிடும்போது, "அந்த ஓரத் தேக்கு சின்னவ கல்யாணத்துக்கு ஆவும்" என்றார். பேர் வைக்கத் தொடங்கிவிட்டார்.

நான் விடவில்லை. இந்த மரங்களை வெட்டக் கூடாது, இவை நிற்கட்டும் என்றேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை புளிசாதம் கிளறி டிபன் பாக்ஸில் போட்டுக்கொண்டு, புது டவல் ஒன்றை எடுத்துக்கொண்டு போனேன். பெரிய வேப்பமரத்தடியில் விரித்து உட்கார்ந்தேன். காற்று வந்தது. நன்றாகத்தான் இருந்தது. கொஞ்ச நேரத்தில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டவில்லை என்று ஞாபகம் வந்தது. மடை திறந்து விட்டது ஞாபகம் வந்தது. டவலை உதறி எழுந்துவிட்டேன். புளிசாதத்தை வீட்டில் நின்றுகொண்டே சாப்பிட்டேன். அதற்கப்புறம் அந்த டவல் தலை துவட்டத்தான் ஆனது.

கிணறு வற்றியது. ஆழ்துளை போட்டோம், தண்ணீர் வரவில்லை, இன்னொன்று போட்டோம். வேம்பெல்லாம் அந்த ஓட்டைகளுக்குள் போனது. மகள்களின் கல்யாணம். இட ஒதுக்கீடும் வந்தது. அதில் மச்சாண்டார் மகனுக்கு இன்ஜினியரிங் சீட் கிடைத்தது. அவனுக்கு மார்க் இருந்தது, டியூஷன் இருந்தது. என் மகனும் அதே வருஷம்தான் பள்ளிக்கூடம் முடித்தான், பாதி நாள் வயலில் நின்றுவிட்டு. அவன் அப்பா ஜெயிலுக்குப் போய் வாங்கிவந்த இடத்தில் அண்ணன் மகன் உட்கார்ந்தான் என்று நான் புலம்பியபோது, "அவனும் நம்ம புள்ளதான்" என்றார் என் வீட்டுக்காரர். என் மகன் லாரி ஓட்டப் போனான். கடைசித் தேக்குகள் அவன் லாரிக்கு முன்பணமாகப் போயின. மலைப்பக்கத்து மரம் ரோட்டுக்கு வர வேண்டுமானால் இப்போது அவர்கள் பாதி வழியாகத்தான் வர வேண்டும். பாதை கேட்டு ஆள் அனுப்பினேன். "இதுக்கெல்லாமா கேக்கறது" என்று சொல்லி அனுப்பினாள்.

அந்த ரோட்டோரப் பாதியைத்தான் சொல்ல வேண்டும். கழிகளை வெட்டி விற்றுவிட்டு நாங்கள் விட்டுக்கொடுத்தபோது அங்கே தைலமரக் கட்டையும் கல்லும்தான் இருந்தன. வீட்டு வாசலைக் கழுவிக் கொடுத்த மாதிரி கொடுத்தோம். அவர்கள் ஒன்றும் நடவில்லை, ஒன்றும் வெட்டவில்லை. காக்காய் போட்ட வேப்பங்கொட்டை முளைத்தது. புங்கன் வந்தது. தைலமரம் துளிர்த்துத் தன்பாட்டுக்கு வானத்துக்குப் போனது. மாதம் ஒரு தடவை வந்து பார்த்துவிட்டுப் போனார்கள், அவ்வளவுதான். இருபது வருஷத்துக்குப் பிறகு ரோட்டில் போகிறவர்கள் எல்லாம் அங்கே சைக்கிளை நிறுத்தி நின்றுவிட்டுப் போகிற அளவுக்கு நிழல். என் மகனே அங்கேதான் லாரியை நிறுத்துகிறான்.

மச்சாண்டார் பென்ஷன் வாங்கத் தொடங்கிய பிறகு ஒரு நாள் அவள் மட்டும் வந்திருந்தாள். தலை நரைத்துவிட்டது, டவல் மட்டும் அதேபோலத் தோளில். நான் ஆட்டை ஓட்டிக்கொண்டு அந்தப் பக்கம் போனேன்.

"ஏன் அக்கா இத வெட்டாமலே வச்சிக்கினு கீறீங்க?" என்று கேட்டுவிட்டேன்.

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். கிண்டல் இல்லை, குத்தல் இல்லை. உண்மையிலேயே புரியாமல் கேட்டாள்.

"எதுக்கு வெட்டணும்?"

எதற்கு வெட்ட வேண்டும் என்று கேட்கிற வாழ்க்கை ஒன்று இருக்கிறது, அது என் பக்கத்திலேயே டவல் விரித்து உட்கார்ந்திருக்கிறது. அவள் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்து, பக்கத்தில் இடம் விட்டாள்.

"அந்த வாகைய நீதான் காட்டுனன்னு எனக்கு அப்பவே தெரியும்" என்றாள். "அந்தப் பசங்களே சொல்லிட்டானுங்க."

"அப்ப ஏன் அக்கா ஒரு வார்த்த கேக்கல?"

"இன்னாத்த கேக்கறது? மரந்தான. வேல போவாம நின்னுச்சே, அது போதும்." சொல்லிவிட்டு டிபன் பாக்ஸைத் திறந்தாள். "இந்தா புள்ள, குந்து. புளிசாதம்தான்."

அவள் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். இத்தனை வருஷமும் அவள் என் மேல் கோபப்படவே இல்லை என்பதைத்தான் தாங்க முடியவில்லை. கோபமும்கூட அவளுக்குத் தேவைப்படவில்லை. அவளிடம் நான் பொறாமைப்பட்டதிலேயே பெரியது அன்றைக்குப் பட்டதுதான். மரத்தைக் கையெழுத்துப் போட்டு வாங்கிவிட்டேன், இதை எப்படி வாங்குவது?

ஆட்டுக்குத் தழை வெட்ட வேண்டும் என்று சொல்லிவிட்டு எங்கள் பக்கம் போனேன். அந்த வாகையின் அடிக்கட்டை இன்னும் சாகவில்லை. வருஷா வருஷம் தளிர் விடும். ஒரு கிளையை ஒரே ஒரு வருஷம் கை வைக்காமல் விட்டிருந்தால், இந்நேரம் அங்கே ஒரு மரம் நின்றிருக்கும். ஒவ்வொரு வருஷமும் அப்படி நினைத்துக்கொள்வேன். அன்றைக்கும் நினைத்துக்கொண்டேன். ஆடு கத்தியது. தளிரை ஒட்ட அறுத்துப் போட்டேன்.